டிசம்பர் 8 நினைவேந்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூர்ப் பக்கத்தில் குடியிருக்கும் நாங்கள் சிலர் சேர்ந்து ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 8 அன்று ஒரு நினைவேந்தல் நடத்துகிறோம். எங்களில் ஓய்வுபெற்ற படைவீரர்கள் உண்டு, ஓர் ஆசிரியை உண்டு, எஸ்டேட்டில் வேலை பார்ப்பவர்களும் கடை வைத்திருப்பவர்களும் உண்டு. சங்கம், பதிவு எண் என்று எதுவும் கிடையாது. வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பதையும், "எங்கள் ஊரிலும் இப்படி நடத்த வேண்டும்" என்று போன் செய்பவர்கள் கேட்பதையும் இங்கே எழுதி வைக்கிறோம்.

யாருக்காக இந்த நினைவேந்தல்?

2021 டிசம்பர் 8, புதன்கிழமை. முப்படைத் தலைமைத் தளபதி ஜெனரல் பிபின் ராவத், வெலிங்டன் ராணுவப் பணியாளர் கல்லூரியில் பயிற்சி பெறும் அதிகாரிகளிடையே உரையாற்ற வந்துகொண்டிருந்தார். காலை 11.48-க்கு சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து கிளம்பிய எம்.ஐ-17 வி5 ஹெலிகாப்டர் 12.15-க்கு வெலிங்டனில் இறங்கியிருக்க வேண்டும். 12.08 வாக்கில் சூலூர் கட்டுப்பாட்டு அறையுடன் தொடர்பு அறுந்தது. காட்டேரிக்குக் கீழே நஞ்சப்பசத்திரம் என்ற சின்னக் குடியிருப்பை ஒட்டி, மரங்களில் மோதி விழுந்து எரிந்தது. உள்ளே இருந்தவர்கள் 14 பேர். அந்த 14 பேருக்காகத்தான்.

சில செய்திகளில் 13 என்கிறார்கள், சிலர் 14 என்கிறார்கள். எது சரி?

அன்றைக்கு இறந்தவர்கள் 13 பேர். 14-ஆவது ஆள் குரூப் கேப்டன் வருண் சிங். பலத்த தீக்காயங்களோடு மீட்கப்பட்டு முதலில் வெலிங்டன் ராணுவ மருத்துவமனையிலும், பிறகு பெங்களூரு கமாண்ட் மருத்துவமனையிலும் சிகிச்சை பெற்று, டிசம்பர் 15 அன்று இறந்தார். டிசம்பர் 8 மாலை அடித்த அஞ்சலி போஸ்டர்களையே அடுத்தடுத்த ஆண்டுகளிலும் பார்த்து எழுதுவதால் 13 என்ற எண் நிலைத்துப்போய்விட்டது. அந்த ஒரு வாரம் இந்த மலையில் கோயில், சர்ச், மசூதி எல்லா இடத்திலும் அவர் ஒருவருக்காக வேண்டிக்கொண்டோம். அவரை விட்டுவிட்டு எண்ண எங்களுக்கு மனம் வராது.

அவர் வெலிங்டன் கல்லூரியில் பயிற்றுவிக்கும் அதிகாரியாக இருந்தவர். தளபதியை வரவேற்று அழைத்துவரத்தான் சூலூர் போயிருந்தார். அதற்கு முந்தைய ஆண்டு, 2020 அக்டோபரில், கோளாறான தேஜஸ் போர் விமானத்தை விட்டுக் குதிக்காமல் பத்திரமாகத் தரையிறக்கியதற்காக சௌர்ய சக்ரா பெற்றவர்.

ஜெனரல் ராவத் நினைவுநாள் என்றுதானே எல்லாரும் சொல்கிறார்கள்? நீங்கள் ஏன் அப்படி அழைப்பதில்லை?

முதல் ஆண்டு நாங்களும் அப்படித்தான் அழைத்தோம். ஃபிளெக்ஸில் அவர் படம் பெரிதாக, கீழே "உள்ளிட்ட 13 பேர்" என்று ஒரு வரி. வந்திருந்த ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர் நிகழ்ச்சி முடிந்து கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, அந்த உள்ளிட்டவங்களோட வீட்டுல அவங்கதானே பெரிய படம்?" என்று கேட்டார். வேறு எதுவும் சொல்லவில்லை. எங்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

நாட்டின் முதல் முப்படைத் தலைமைத் தளபதி என்ற வகையில் ஜெனரலுக்குரிய மரியாதையை நாடே செய்தது. டெல்லி பிரார் சதுக்கத்தில் 17 குண்டு முழங்க இறுதிச் சடங்கு, பிறகு பத்மவிபூஷண். அதற்கு மேல் நாங்கள் கூட்டவோ குறைக்கவோ ஒன்றும் இல்லை. ஆனால் லான்ஸ் நாயக் ஒருவரின் பெயரை ஆண்டுக்கு ஒருமுறையாவது, அவர் உயிர் பிரிந்த மலையில் நின்று, யாராவது முழுதாகச் சொல்ல வேண்டும். அதை நாங்கள் செய்யலாம். எங்கள் நிகழ்ச்சியின் நடுப்பகுதியே அதுதான்: 14 பெயர்களையும் நிறுத்தி நிறுத்தி வாசிப்பது.

எந்த வரிசையில் வாசிக்கிறீர்கள்?

தமிழ் அகரவரிசையில். ராணுவ நிகழ்ச்சி என்றால் பதவி வரிசையில் வாசிப்பதுதான் முறை, அதில் தவறே கிடையாது. இது ஊர்க்காரர்கள் நடத்துவது, அதனால் இப்படி வைத்துக்கொண்டோம். வரிசை இப்படி வரும்:

நாயக் குர்சேவக் சிங். ஸ்குவாட்ரன் லீடர் குல்தீப் சிங். ஹவில்தார் சத்பால் ராய். லான்ஸ் நாயக் சாய் தேஜா. ஜெனரல் பிபின் ராவத். ஜூனியர் வாரன்ட் ஆபீசர் பிரதீப். விங் கமாண்டர் பிருத்வி சிங் சவுகான். மதுலிகா ராவத். ஜூனியர் வாரன்ட் ஆபீசர் ராணா பிரதாப் தாஸ். பிரிகேடியர் லித்தர். குரூப் கேப்டன் வருண் சிங். லான்ஸ் நாயக் விவேக் குமார். நாயக் ஜிதேந்தர் குமார். லெப்டினன்ட் கர்னல் ஹர்ஜிந்தர் சிங்.

ஜெனரல் ஐந்தாவதாக வருகிறார். முதல் முறை இப்படி வாசித்தபோது கூட்டத்தில் சின்னச் சலசலப்பு இருந்தது. இப்போது பழகிவிட்டது. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு அகல் விளக்கு. பெயரை வாசித்ததும் ஒருவர் போய் ஏற்றுவார், அவர் திரும்பி வந்து நின்ற பிறகுதான் அடுத்த பெயர். 14 பெயருக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும். வேகப்படுத்தச் சொல்லி யாராவது கேட்டால் மறுத்துவிடுங்கள்.

பெயர்களைச் சரியாக உச்சரிப்பது முக்கியம். எங்கள் வாசிப்பாளர் பிளஸ் டூ படிக்கும் பெண். "குர்சேவக்" என்பதை எங்கே அழுத்த வேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை. கன்டோன்மென்டில் வேலை பார்க்கும் பஞ்சாபிக்காரர் ஒருவரிடம் போனில் கேட்டு, அவர் சொல்லச் சொல்ல நோட்டில் தமிழில் எழுதி, பத்து இருபது தடவை சொல்லிப் பார்த்தாள். அந்த நோட்டுப் பக்கம் இப்போதும் எங்களிடம் இருக்கிறது. ஆண்டுதோறும் வாசிப்பவர் மாறினாலும் பக்கம் அதேதான்.

மதுலிகா ராவத் ராணுவத்தில் பணியாற்றியவர் இல்லையே?

இல்லை. அவர் ஜெனரலின் மனைவி, படைவீரர்களின் குடும்பங்களுக்கான நலச் சங்கத்தில் தலைமைப் பொறுப்பில் இருந்தவர். விபத்தில் இறந்தவர், அதனால் அவர் பெயரும் வாசிக்கப்படும். இதில் எங்களுக்கு இரண்டாவது யோசனை இருந்ததே இல்லை.

இவர்களில் தமிழ்நாட்டுக்காரர் யாராவது உண்டா?

ஒருவர்கூட இல்லை. குர்சேவக் சிங் பஞ்சாபின் தரன் தாரன் மாவட்டம், குல்தீப் சிங் ராஜஸ்தானின் ஜுன்ஜுனு, சத்பால் ராய் டார்ஜிலிங் மலை, சாய் தேஜா ஆந்திராவின் சித்தூர் பக்கம், பிரதீப் திருச்சூர், ராணா பிரதாப் தாஸ் ஒடிசா, விவேக் குமார் இமாச்சலப் பிரதேசம், ஜிதேந்தர் குமார் மத்தியப் பிரதேசம். "நம்ம ஊர்க்காரங்க யாரும் இல்லையே, பிறகு எதுக்கு நாம?" என்று ஒரு கடைக்காரர் நேராகவே கேட்டார். அதற்கு எங்களிடம் இருந்த பதில் டிசம்பர் 9-ஆம் தேதி மதியம்தான்.

அன்றைக்கு வெலிங்டன் மெட்ராஸ் ரெஜிமென்ட் மைதானத்தில் அஞ்சலி முடிந்து, ஆம்புலன்ஸ்கள் வரிசையாக மலை இறங்கி சூலூருக்குப் போயின. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. வழி நெடுக ரோட்டோரத்தில் ஜனங்கள் நின்றார்கள், கையில் கிடைத்த பூவைத் தூவினார்கள். என் பக்கத்தில் நின்ற ஒரு பாட்டி, கொழுந்து எடுக்கும் வேலையிலிருந்து அப்படியே வந்திருந்தார், தலையில் பிளாஸ்டிக் சீட்டு கட்டியிருந்தார். அவரிடம் பூ இல்லை. ஒவ்வொரு வண்டிக்கும் கைகூப்பினார். எத்தனை வண்டி என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டே இருந்தார். எந்த வண்டியில் யார் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பலரின் உடல்களை மரபணுச் சோதனை செய்த பிறகே அடையாளம் காண முடிந்தது. சில வீடுகளுக்கு நான்கைந்து நாள் கழித்துத்தான் போய்ச் சேர்ந்தார்கள்.

இறந்தது நம் எல்லைக்குள் என்றால் காரியம் நம்முடையது. எங்கள் பெரியவர்கள் இப்படித்தான் சொல்லித் தந்திருக்கிறார்கள்.

போரில் சாகவில்லையே. விபத்தில் இறந்தவர்களை "வீரமரணம்", "தியாகி" என்று சொல்லலாமா?

இந்தக் கேள்வியைத் தயங்கித் தயங்கித்தான் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ராணுவம் தன் பதிவேட்டில், எதிரியோடு மோதும் நடவடிக்கையில் ஏற்பட்ட இழப்பையும் மற்ற பணிக்கால இழப்பையும் தனித்தனியாகத்தான் வைக்கிறது. குடும்பத்துக்குக் கிடைக்கும் சலுகைகளும் அதைப் பொறுத்து மாறும். "தியாகி" என்ற பொருளில் வழங்கும் ஆங்கிலச் சொல்லை ஆயுதப்படைகள் பயன்படுத்துவதில்லை என்று பாதுகாப்பு அமைச்சகம் 2022-இல் நாடாளுமன்றத்திலேயே சொல்லியிருக்கிறது. அதனால் எங்கள் அழைப்பிதழில் "பணியின்போது உயிர்நீத்தவர்கள்" என்று எழுதுகிறோம். பேசுகிறவர் வாயில் "வீரமரணம்" என்று வந்தால் யாரும் திருத்துவதில்லை.

என் சொந்தக் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். மேகம் மூடிய மலையில் ஹெலிகாப்டர் ஓட்டுவது, பனிமலையில் லாரி ஓட்டுவது, ஆழ்கடலில் ரோந்து போவது இவையெல்லாம் சண்டை இல்லாத நாளிலும் நடக்கிற வேலைகள். நாம் வீட்டில் இருக்கும் சாதாரண புதன்கிழமையில் அவர்கள் அதைச் செய்கிறார்கள். அந்தப் புதன்கிழமை போனவர்களைக் குறைவாக நினைக்க எனக்குத் தோன்றவில்லை.

விபத்துக்கு என்ன காரணம் என்று மேடையில் பேசலாமா?

வேண்டாம். கேட்பவர்களுக்குத் தனியாகச் சொல்லலாம், அதுவும் தெரிந்ததை மட்டும்.

தெரிந்தது இதுதான். ஏர் மார்ஷல் மானவேந்திர சிங் தலைமையில் முப்படை விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. 2022 ஜனவரி 14 அன்று விமானப்படை அதன் முதற்கட்ட முடிவை வெளியிட்டது. இயந்திரக் கோளாறு இல்லை, சதி இல்லை, அலட்சியமும் இல்லை என்றது. பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராமல் மாறியதால் ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்தது. விமானிக்குத் திசையும் உயரமும் புலப்படாமல் போய் நிலத்தில் மோதியது என்றது. அதாவது இயந்திரம் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது, விமானியின் கட்டுப்பாட்டிலும் இருந்தது, எதிரில் மலை இருப்பது மட்டும் தெரியவில்லை. இங்கே வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். டிசம்பரில் வளைவு திரும்பியதும் ஒரே நொடியில் மிஸ்ட் வந்து கண்ணாடியை மூடும், பக்கத்தில் பள்ளமா பாறையா என்று தெரியாது. மண்ணில் நான்கு சக்கரமும் ஊன்றியிருக்கும் நமக்கே அப்படி.

2024 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட பாதுகாப்பு நிலைக்குழு அறிக்கையின் விபத்துப் பட்டியலில் இதற்கு எதிரே "மனிதத் தவறு, விமானக் குழு" என்று பதிவாகியிருந்தது. அந்த ஆண்டு ஒருவர் என்னிடம், "அப்போ பைலட் பேரையும் வாசிப்பீங்களா?" என்று கேட்டார். வாசிப்போம், மற்றப் பெயர்களை வாசிக்கும் அதே குரலில். விங் கமாண்டர் சவுகான் சூலூரின் 109-ஆவது ஹெலிகாப்டர் பிரிவுக்குத் தலைமை ஏற்றிருந்தவர். அறிக்கையில் காரணம் எழுதுவது அடுத்த விபத்தைத் தடுப்பதற்காக, அது அவசியம். அந்த வார்த்தையை நினைவேந்தலுக்குத் தூக்கி வந்து ஒரு வீட்டின் தலையில் வைக்க நமக்கு உரிமை கிடையாது.

சதி, வெளிநாட்டுக் கை என்று வாட்ஸ்அப்பில் இன்னும் சுற்றுகிற கதைகளுக்கு எங்கள் மைக்கில் இடமில்லை. பேசவருகிறவர்களிடம் முன்பே சொல்லிவிடுகிறோம்.

ஹெலிகாப்டர் மேகத்துக்குள் மறையும் அந்த வீடியோவைத் திரையிடலாமா?

சுற்றுலா வந்த சிலர் காட்டேரி ரயில் பாதையருகே நின்று எடுத்த சில நொடி வீடியோ அது. மேலே ஒரு சத்தம் கடந்து போகும், புள்ளி மறையும், சத்தம் நிற்கும், "உடைஞ்சிடுச்சா?" என்ற மாதிரி யாரோ பேசுவார்கள். எல்லாரும் பார்த்ததுதான்.

திரையிடாதீர்கள். எரியும் படங்களையும் வைக்காதீர்கள். இறந்தவரின் வீட்டார் அரங்கில் இல்லை என்று நினைத்துக்கொண்டு செய்கிறோம். எங்கள் நிகழ்ச்சியை யாரோ போனில் பதிவு செய்து அனுப்பி, அது வேறு மாநிலத்தில் ஒரு குடும்பத்தின் கைக்குப் போய்ச் சேர்ந்தது எங்களுக்குப் பிறகுதான் தெரியவந்தது. அதன்பிறகு, அவர்கள் எல்லாரும் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பதாக நினைத்தே ஒவ்வொன்றையும் முடிவு செய்கிறோம். சீருடையில் சிரித்தபடி இருக்கும் படங்கள் போதும், 14-உம் ஒரே அளவில்.

நிகழ்ச்சி எவ்வளவு நேரம்? என்னென்ன இருக்கும்?

காலை 11.48-க்குக் கூடுகிறோம், சூலூரில் ஹெலிகாப்டர் கிளம்பிய நேரம். ஒருவர் அன்று நடந்ததை ஐந்து நிமிடத்தில் சொல்வார். 12.08-க்கு எழுந்து நின்று இரண்டு நிமிட மௌனம், ஜனவரி 30 அன்று தியாகிகள் நாளுக்கு நாடு முழுக்க நிற்பதுபோல. அப்புறம் பெயர் வாசிப்பு, விளக்கு. பூ வைக்க விரும்புகிறவர்கள் வரிசையாக வந்து வைக்கலாம். முடிவில் டீயும் வர்க்கியும். ஒரு மணிக்கு எல்லாம் முடிந்துவிடும்.

பேச்சாளர் ஒருவரே. சிறப்பு விருந்தினர், பொன்னாடை, நன்றியுரை கிடையாது. முதல் ஆண்டு பொன்னாடை போர்த்தவே அரை மணி நேரம் போய்விட்டது.

பியூகிள் வாசிக்கலாமா?

"லாஸ்ட் போஸ்ட்" என்று ராணுவ அஞ்சலியில் பியூகிளில் ஒலிப்பது, ஆதியில் முகாமில் அன்றைய நாள் முடிந்தது என்று அறிவிக்கும் அழைப்பு. பிறகு அதுவே கடைசி விடை சொல்லும் இசையானது. அதற்குப் பிறகு மௌனம், மௌனத்தை முடித்துவைக்க விடியலுக்கான அழைப்பு. நாளை முடித்து மறுபடி எழுப்புகிறார்கள். முறையாகப் பழகிய முன்னாள் வீரர் கிடைத்தால் கேட்டுப் பாருங்கள். ஸ்பீக்கரில் போடுவதைவிட வெறும் மௌனமே நன்றாக இருக்கும் என்பது எங்கள் அனுபவம், ஏனென்றால் ஒருமுறை பாதியில் விளம்பரம் ஓடியது.

தேசியக் கொடியை அரைக்கம்பத்தில் பறக்கவிடலாமா? படங்களுக்குப் போர்த்தலாமா?

இரண்டும் கூடாது. அரைக்கம்பம் அரசு உத்தரவுப்படி நடப்பது. கொடியைப் போர்த்தும் மரியாதை அரசு, ராணுவ, மத்தியத் துணை ராணுவ இறுதிச் சடங்குகளுக்கு மட்டும் உரியது என்று கொடிச் சட்டத் தொகுப்பு சொல்கிறது. அங்கேயும் காவி நிறம் தலைப்பக்கம் வர வேண்டும், கொடியைக் குழிக்குள் இறக்கவோ சிதையில் எரிக்கவோ கூடாது. மேசை விரிப்பாகவோ மேடை அலங்காரமாகவோ பயன்படுத்துவதும் தவறு. நிமிர்ந்த கம்பத்தில் முழு உயரத்தில் ஏற்றிக்கொள்ளலாம்.

நாங்கள் சல்யூட் அடிக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. நிமிர்ந்து நில்லுங்கள், கைகூப்புங்கள். முன்னாள் வீரர்கள் தங்கள் வழக்கப்படி செய்வார்கள். குழந்தைகளுக்கு ராணுவ உடை போட்டு அழைத்துவர வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறோம்.

எந்த மத முறைப்படி நடக்கும்?

எதுவும் இல்லை. 14 பேரில் இந்துக்களும் சீக்கியர்களும் இருக்கிறார்கள், கூடுகிறவர்களில் எல்லாரும் இருக்கிறோம். தனியாக வேண்டிக்கொள்ள மௌனம் இருக்கிறது. திதி கொடுப்பது, பூசை வைப்பது அவரவர் குடும்பத்தின் உரிமை.

குடும்பத்தினரை அழைக்கலாமா?

ஆசை இருக்கும். ஆனால் எங்கேயோ எண்ணைத் தேடிப் பிடித்து நேரடியாகப் போன் செய்யாதீர்கள். சிலர் அந்த நாளில் யாருடனும் பேச விரும்புவதில்லை. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாகக் கடிதம் கொடுங்கள். அவர்கள் அனுப்ப முடிந்தால் அனுப்புவார்கள். பதில் வராவிட்டாலும் கடிதம் கடிதம்தான்.

நன்கொடை வசூலிக்கிறீர்களா?

இல்லை. அகல், எண்ணெய், டீ, பூ, நாற்காலி வாடகை எல்லாவற்றையும் நாங்களே பகிர்ந்துகொள்கிறோம். எங்கள் பெயரையும் இந்தப் பெயர்களையும் சொல்லி யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். உதவ நினைப்பவர்களுக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. முந்தைய நாள், டிசம்பர் 7, படைவீரர் கொடி நாள். 1949 முதல் கடைப்பிடிக்கப்படுகிறது. அன்றைய நிதி முன்னாள் வீரர்கள், அவர்களின் குடும்பங்கள், உயிர்நீத்தவர்களின் மனைவிமார் ஆகியோர் நலனுக்குப் போகிறது. அரசு ரசீதோடு வாங்குவார்கள், அங்கே கொடுங்கள்.

நஞ்சப்பசத்திரத்துக்கே போய் அஞ்சலி செலுத்தலாமா?

போகலாம், போகிறார்கள். ஆனால் அது ஜனங்கள் குடியிருக்கிற இடம் என்பதை மறந்துவிடாதீர்கள். தோட்ட வேலையும் கூலி வேலையும் செய்யும் குடும்பங்கள். அன்றைக்கு வெடிச் சத்தம் கேட்டு முதலில் ஓடியவர்கள் அவர்கள்தான். தீயணைப்பு வண்டி அந்தச் சரிவுக்குள் போக வழியில்லை. குடத்திலும் வாளியிலும் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்கள், வீட்டிலிருந்த கம்பளியையும் போர்வையையும் எடுத்துவந்து கொடுத்தார்கள். காயம்பட்டவர்களை அந்தப் போர்வைகளில் வைத்துத்தான் மேலே தூக்கிச் சென்றார்கள். டிசம்பர் மாதத்துக் குன்னூர்க் குளிரில் ஒரு ஏழை வீட்டில் எத்தனை கம்பளி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

சில நாளில் ராணுவ உயரதிகாரி நேரில் வந்து அவர்களுக்கு நன்றி சொன்னார், கம்பளிகளும் மளிகைப் பொருட்களும் கொடுத்தார்கள். ஊரை ஓராண்டுக்குத் தத்தெடுத்து மாதந்தோறும் மருத்துவர் வந்து பார்ப்பார் என்றும் அறிவித்தார்கள்.

அங்கே போனால் "என்ன பார்த்தீங்க, எப்படி இருந்துச்சு" என்று கேட்டுக் குடையாதீர்கள். எரிந்துகொண்டிருந்த மனிதர்களைப் பார்த்தவர்கள் அவர்கள். சத்தமாக ஏதாவது பறந்தால் இன்னும் வாசலுக்கு வந்து நிற்கிறேன் என்று ஓர் அம்மா சொன்னார், அவரிடம் நான் எதுவும் கேட்டிருக்கவில்லை. பூ வையுங்கள், கும்பிடுங்கள், கிளம்புங்கள். மண்ணையோ உலோகத் துண்டையோ நினைவுப் பொருளாக எடுத்துவராதீர்கள்.

உடல்கூடக் கிடைக்காத விபத்துகளில் நினைவேந்தல் எப்படி நடத்துவது?

தாம்பரத்திலிருந்து ஒருவர் இதைக் கேட்டார். 2016 ஜூலை 22 அன்று அங்கிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய விமானப்படையின் ஏ.என்-32 விமானம் வங்கக் கடல் மேலே காணாமல் போனது. 29 பேர் இருந்தார்கள், அவர்களில் எட்டுப் பேர் விசாகப்பட்டினம் கடற்படை ஆயுதக் கிடங்கில் வேலை பார்த்த சிவிலியன்கள். கப்பல்களும் விமானங்களும் வாரக்கணக்கில் தேடியும் ஒரு துண்டுகூடக் கிடைக்கவில்லை. ஏழரை ஆண்டு கழித்து, 2024 ஜனவரியில்தான், சென்னையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லா நீர்மூழ்கிக் கலம் எடுத்த படங்களில் அதன் சிதைவுகள் தெரிந்தன. சுமார் 3,400 மீட்டர் ஆழத்தில்.

அந்த ஏழரை ஆண்டும் அந்த வீடுகள் எப்படி இருந்திருக்கும்? படத்துக்கு மாலை போடுவதா வேண்டாமா என்பதே வீட்டுக்குள் சண்டையாகும். அவரிடம் நான் சொன்னது: "மறைந்தவர்கள்" என்று எழுதுவதா "காணாமல் போனவர்கள்" என்று எழுதுவதா என்பதைக் குடும்பத்தாரிடம் விட்டுவிடுங்கள், அவர்கள் பயன்படுத்தும் சொல்லையே நீங்களும் பயன்படுத்துங்கள். கிளம்பிய நாளையே நினைவு நாளாக வையுங்கள். மாலை வேண்டாம், விளக்கு போதும். முடிந்தால் கடற்கரையில் நடத்துங்கள். சிவிலியன்கள் எட்டுப் பேரையும் கடைசியில் தனியாகச் சேர்க்காமல், 29 பேரோடு கலந்தே வாசியுங்கள்.

எங்கள் ஊரில் நடத்த அனுமதி தேவையா?

மண்டபத்துக்குள் என்றால் மண்டபக்காரரின் ஒப்புதல் போதும். தெருவிலோ பூங்காவிலோ என்றால், மைக் வைப்பதாக இருந்தால், காவல் நிலையத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குங்கள். ராணுவ இடத்துக்குள் நடத்த நினைக்காதீர்கள்.

பேனர் அடித்தால் அச்சுக்குப் போகும் முன் இரண்டு பேர் தனித்தனியாகப் பெயர்களைச் சரிபார்க்கட்டும். எங்களுக்கு ஒருமுறை "சத்பால் ராய்" என்பது "சத்யபால் ராஜ்" என்று வந்துவிட்டது. காலை பத்து மணிக்குத்தான் பார்த்தோம். வெள்ளைத் தாளில் ஸ்கெட்ச் பேனாவால் சரியான பெயரை எழுதி மேலே ஒட்டினோம். மிஸ்ட்டில் தாள் நனைந்து நனைந்து விழுந்தது. ஒரு பையன் கடைசிவரை பக்கத்திலேயே நின்று அதைக் கையால் பிடித்துக்கொண்டிருந்தான்.

மழை பெய்தால்?

நடக்கும். குடை கொண்டுவாருங்கள்.

டிசம்பர் 15 அன்றும் ஏதாவது உண்டா?

உண்டு, அறிவிப்பதில்லை. 8-ஆம் தேதி ஏற்றும் விளக்குகளில் வருண் சிங்கின் விளக்கை மட்டும் ஒரு வாரம் அணையாமல் பார்த்துக்கொள்கிறோம். எண்ணெய் ஊற்றும் முறை வீட்டுக்கு வீடு மாறும். 15-ஆம் தேதி மாலை ஆறு மணிக்கு, அன்றைக்கு விளக்கு யார் வீட்டில் இருக்கிறதோ அந்த வாசலில் கூடுவோம். வர விரும்புகிறவர்கள் 8-ஆம் தேதியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், எந்த வீடு என்று சொல்கிறோம்.